பின்தொட்டியைத் தூக்கிப் பெட்ரோல் பம்ப் மாற்றுதல்

ஷெவர்லே சில்வராடோ, ஃபோர்டு எஃப்-150, ஃபோர்டு ரேஞ்சர் போன்ற அமெரிக்கப் பிக்கப் வண்டிகளில் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கியிருக்கும். டேங்க் சரக்கு ஏற்றும் பின்தொட்டிக்கு அடியில், பெரும்பாலும் ஓட்டுநர் பக்கத்தில், இரும்புப் பட்டைகளில் தொங்கும். பம்பைக் கழற்றும் வாய் இருப்பது டேங்கின் உச்சியில். பம்ப் செத்துவிட்டால் அந்த வாயை எட்ட இரண்டு வழிதான் உண்டு. டேங்கைக் கீழே இறக்க வேண்டும், அல்லது அதற்கு மேலே உட்கார்ந்திருக்கும் பின்தொட்டியைத் தூக்க வேண்டும்.

பட்டறைகளில் டேங்கைத்தான் இறக்குவார்கள். அவர்களிடம் வண்டியைத் தலைக்கு மேல் தூக்கும் லிஃப்ட் இருக்கிறது, டேங்கைத் தாங்கி இறக்கத் தனி ஜாக்கியும் இருக்கிறது. வீட்டு முற்றத்தில் முதுகைத் தரையில் சாய்த்து வேலை செய்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சில்வராடோவின் சாதாரண டேங்க் 26 கேலன், அதாவது ஏறக்குறைய 98 லிட்டர். அது நிறைந்திருந்தால் பெட்ரோல் மட்டுமே 70 கிலோவுக்கு மேல் வரும். வண்டி ஓடாது என்பதால் ஓட்டித் தீர்க்கவும் முடியாது. பெட்ரோல் ஊற்றும் குழாயில் அடைப்பு வால்வு இருப்பதால் ஹோஸ் விட்டு உறிஞ்சுவதும் பெரும்பாலும் நடக்காது. பெட்ரோல் உள்ளே அலைமோத, நெஞ்சுக்கு நேர் மேலே அந்த டேங்கைத் தொங்கவிட்டுக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அதன் உச்சியில் விரல்நுனியால் தடவித் தடவி ஹோஸ்களைக் கழற்ற வேண்டும்.

பின்தொட்டியைத் தூக்கினால் டேங்க் இருந்த இடத்திலேயே இருக்கும். அதில் பெட்ரோல் எவ்வளவு இருந்தாலும் கவலையில்லை. ஹோஸ், வயர், பம்பைப் பூட்டும் வளையம் எல்லாம் கண்முன்னே தெரியும். வெளிச்சத்தில் நின்றபடி வேலை செய்யலாம். வீட்டில் செய்கிறவருக்கு என் பரிந்துரை எப்போதும் இதுதான்.

விலக்குகளும் உண்டு. பின்தொட்டியின் மேல் கூடாரம் போன்ற மூடியோ, கனமான கருவிப்பெட்டியோ இருந்தால் அவற்றை முதலில் இறக்க வேண்டும். பெரிய டிரெய்லர் இழுக்கும் கொக்கியைத் தொட்டித் தளத்தைத் துளைத்துச் சேஸிஸோடு பூட்டியிருந்தால் இந்த வழியை விட்டுவிடுங்கள். அந்த வண்டிக்கு டேங்கை இறக்குவதே குறைந்த வேலை.

பம்ப்தான் காரணமா?

பம்புக்குக் காசு கொடுக்கும் முன் அது செத்ததற்குச் சான்று வேண்டும். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல், பின்னால் காதைக் கொடுங்கள். நல்ல பம்ப் ஏறக்குறைய 2 விநாடி ரீங்கரித்து நிற்கும். சத்தமே இல்லை என்றால் முதலில் ஃபியூஸ். அடுத்து ரிலே. ஃபியூஸ் பெட்டியில் அதே வகை ரிலே இன்னொன்று இருக்கும், பல வண்டிகளில் ஹாரனுக்கு உரியது. அதைக் கழற்றி இதன் இடத்தில் செருகிப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

ஃபோர்டு வைத்திருப்பவர்கள் இன்னும் இரண்டு இடம் பார்க்க வேண்டும். 2000களின் பிற்பகுதி வரை வந்த எஃப்-150 வண்டிகளில், முன் இருக்கைப் பயணியின் கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டில் ஒரு மோதல் சுவிட்ச் உண்டு. விபத்தில் பெட்ரோல் ஓட்டத்தை நிறுத்துவதற்காக வைத்தது. பலமான குலுக்கலிலும் அது சில நேரம் விடுபட்டுவிடும். மேலே எழுந்து நிற்கும் பொத்தானை அழுத்தினால் வண்டி கிளம்பிவிடும்.

இரண்டாவது இடம் 2004 முதல் 2008 வரையிலான எஃப்-150 வண்டிகளில். பம்புக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் சிறிய மின்னணுப் பெட்டி, ஸ்டெப்னிக்கு மேலே குறுக்குச் சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கும். அலுமினிய உறை நேராக இரும்பின் மேல் அமர்ந்திருப்பதால் உப்புநீர் பட்டு அரித்து, உறை வெடித்து, உள்ளே ஈரம் இறங்கிவிடும். அறிகுறி அப்படியே பம்ப் செத்ததைப் போல இருக்கும். ஸ்டெப்னியை இறக்கினாலே கைக்கு எட்டும் பொருள் இது. இதைப் பார்க்காமல் நல்ல பம்பைக் கழற்றி எறிந்தவர்கள் நிறையப் பேர்.

பம்ப் ஓடுகிறது, ஆனால் வண்டி திணறுகிறது என்றால் அழுத்தத்தை அளக்க வேண்டும். சில்வராடோவின் 5.3 லிட்டர் என்ஜினில் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயில், டயரில் காற்று அடிக்கும் வால்வு மாதிரி ஒன்று இருக்கும். அளவுமானியை அங்கே மாட்டலாம். 1999 முதல் 2003 வரையிலான வண்டிகளில் சாவி ஆன் நிலையில் 55 முதல் 62 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். பிந்தைய ஆண்டுகளில் அளவு வேறு, உங்கள் வண்டியின் பழுதுநூலைப் பாருங்கள். அளவுமானி வாங்க வேண்டியதில்லை. ஆட்டோசோன், ஓரைலி போன்ற கடைகள் முன்பணம் பெற்றுக்கொண்டு கருவிகளை இரவல் தருகின்றன.

இன்னொரு சோதனை உண்டு. ஒருவர் ஸ்டார்ட்டரைச் சுழற்றும்போது இன்னொருவர் டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் தட்ட வேண்டும். அப்போது என்ஜின் பிடித்துக்கொண்டால் பம்பின் மோட்டார் கடைசி நாட்களில் இருக்கிறது என்று பொருள். அந்த ஓட்டத்தை நம்பி வெளியூர் போகாதீர்கள்.

நெருப்பு

இந்த வேலையில் உயிரைப் பறிக்கக்கூடியவை இரண்டு: பெட்ரோல் ஆவி, சரியும் தொட்டி. முதலாவதை எல்லோரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பரவும். வட அமெரிக்காவில் பல வீடுகளில் கராஜுக்குள்ளேயே எரிவாயு வெந்நீர்க் கொதிகலன் இருக்கும். அதன் அடியில் எந்நேரமும் ஒரு சுடர் எரியலாம், அல்லது தானாகப் பற்றிக்கொள்ளலாம். ஆகவே கராஜுக்குள் டேங்கைத் திறக்கவே கூடாது. பனிக்காலமானாலும் வெளியேதான். ஒண்டாரியோவிலோ மிச்சிகனிலோ இருந்து ஜனவரியில் பம்ப் போய்விட்டால், குளிர் சற்றுத் தணியும் ஒரு நாளுக்குக் காத்திருங்கள், அல்லது பட்டறைக்கு இழுத்துச் செல்லுங்கள். கராஜ் கதவைப் பாதி திறந்து வைத்துச் சமாளிக்கும் எண்ணம் வேண்டாம்.

பெட்ரோல் தீக்கு ஏற்ற பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கண்ணாடி பல்பு விளக்கு வேண்டாம். அது உடைந்தால் உள்ளே இருக்கும் இழையே தீக்குச்சி. எல்இடி போதும். டேங்கின் பக்கத்தில் கிரைண்டர், கேஸ் கட்டர் இரண்டும் கிடையாது. டேங்கைத் தொடும் முன் சேஸிஸின் வெற்று இரும்பை ஒருமுறை தொட்டு உடலின் நிலைமின்னை இறக்கிவிடுங்கள்.

பிறகு பம்ப் ரிலேயை உருவிவிட்டு ஸ்டார்ட்டரைச் சில விநாடி சுழற்றுங்கள். என்ஜினில் அளவுமானி மாட்டும் அந்த வால்வில் துணியை மூடிப் பிடித்து அழுத்தி, மிச்ச அழுத்தத்தை வெளியேற்றுங்கள். டேங்க் மூடியைத் திறந்து காற்றை விட்டுத் திரும்ப மூடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, தானாகத் திரும்பித் தொட்டுவிடாதபடி ஒதுக்கி வையுங்கள்.

போல்ட்டுகள்

முதல் நாள் மாலையே துருவிளக்கும் எண்ணெயை எல்லாப் போல்ட்டுகளின் மரையிலும் அடியிலிருந்து அடித்து ஊறவிடுங்கள். குளிர்காலச் சாலையில் உப்புக் கொட்டும் ஊர்களில் இந்த ஓர் இரவுதான் அடுத்த நாள் வேலை எவ்வளவு இழுக்கும் என்பதை முடிவு செய்யும். கண்ணாடி அணிந்து அடியில் போங்கள், துரு கண்ணில்தான் விழும்.

தொட்டியின் நீளத்தைப் பொறுத்துப் பொதுவாக 6 அல்லது 8 போல்ட்டுகள். ஃபோர்டுகளில் இவை தொட்டித் தளத்தின் மேலிருந்து இறங்கும் நட்சத்திரத் தலை போல்ட்டுகள். எஃப்-150க்கு டி-50 அல்லது டி-55 பிட், ரேஞ்சருக்கு டி-55. மற்ற வண்டிகளில் ஆறுபட்டைத் தலையும் வரும், சிலவற்றை அடியிலிருந்து கழற்ற வேண்டியிருக்கும். தளத்தில் பிளாஸ்டிக் விரிப்பு இருந்தால் முழுவதும் எடுத்துவிடுங்கள். தெளித்து ஒட்டிய பூச்சு இருந்தால் போல்ட் தலையைச் சுற்றிக் கத்தியால் அறுத்து உரியுங்கள்.

நட்சத்திரக் குழியில் மண்ணும் துருவும் கெட்டியாக இறுகியிருக்கும். அவசரப்பட்டுப் பிட்டை வைத்துத் திருகினால் அது பாதி ஆழம்தான் இறங்கியிருக்கும், குழி மழுங்கிவிடும். கூர்முனையால் சுரண்டி, காற்றால் ஊதி, பிட்டைச் சுத்தியலால் தட்டி அடிவரை இறக்குங்கள். பிறகு நீண்ட கைப்பிடியால் நிதானமாக அழுத்தம் கொடுங்கள். அசைந்ததும் ஒரே மூச்சில் கழற்ற வேண்டாம். கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி தளர்த்துங்கள். அடியில் நட்டு சேர்ந்து சுற்றினால் ஒருவர் பூட்டுக் குறடால் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எதற்கும் மசியாத போல்ட்டின் தலையை மேலிருந்து எண்ணெய் விட்டபடி மெதுவான வேகத்தில் துளையிட்டு எடுக்கலாம்.

ஒரு போல்ட்டைக்கூட முழுதாகக் கழற்றும் முன், தொட்டி சேஸிஸில் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பெயின்ட் பேனாவால் இரண்டு மூன்று இடங்களில் கோடிட்டு வையுங்கள். திரும்ப வைக்கும்போது அந்தக் கோடுகள் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

பின்கதவைக் கழற்றினால் கணிசமான எடை குறையும். இரு பக்கக் கம்பிவடங்களையும் விடுவித்து, பாதி சாய்த்த நிலையில் ஒரு பக்கத்தைத் தூக்கினால் கையோடு வந்துவிடும். கேமரா உள்ள கதவில் வயரை முதலில் பிரியுங்கள். பெட்ரோல் ஊற்றும் குழாயின் வாயைத் தொட்டியோடு பிடித்திருக்கும் சின்னத் திருகாணிகள் மூடிக் கதவுக்குள் தெரியும், அவற்றைக் கழற்றிக் குழாயை விடுவியுங்கள். அங்கிருந்து சேஸிஸுக்குப் போகும் நிலைமின் தடுப்பு வயர் ஒன்று இருக்கலாம். அதை மறந்துவிட்டுத் தூக்கினால் அறுந்துவிடும். டெயில் லைட், நம்பர் பிளேட் விளக்கு, டிரெய்லர் பிளக் ஆகியவற்றின் இணைப்புகளையும் பிரியுங்கள்.

தூக்குதல்

நான்கு பேர் கிடைத்தால் அதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆறரை அடி இரும்புத் தொட்டி, கதவு இல்லாமல், நால்வர் மூலைக்கு ஒருவராகத் தூக்கக்கூடிய எடைதான். எட்டு அடித் தொட்டிக்கு ஆறு பேர் நல்லது. எஃப்-150 வண்டிக்கு 2015 முதல் அலுமினியத் தொட்டி என்பதால் இன்னும் லேசு. ஒருவர் மட்டும் குரல் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் அந்தக் குரலுக்கே அசைய வேண்டும். நாலு பக்கமும் யோசனை சொன்னால் தொட்டியின் முன்முனை கேபின் கண்ணாடியில்தான் போய் முடியும். கேபினின் பின்புறத்தில் பழைய கம்பளியோ கெட்டி அட்டையோ கட்டித் தொங்கவிடுங்கள்.

முதலில் ஒரு சாண்கூட வேண்டாம், நாலு விரல் உயரம் தூக்கி நிறுத்துங்கள். ஒருவர் விளக்கோடு குனிந்து சுற்றி வந்து, எங்கேயாவது வயரோ ஹோஸோ இழுபடுகிறதா என்று பார்க்கட்டும். பிறகு முழுதாகத் தூக்கிப் பின்னால் நகர்த்தி, புல்லில் மரக்கட்டைகள் மேல் வைத்துவிடலாம். பாதி தூரம் மட்டும் பின்னுக்கு நகர்த்தினாலும் பல வண்டிகளில் பம்பின் வாய் வெளியே வந்துவிடும். அப்படிச் செய்தால் தொட்டி சேஸிஸில் உறுதியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, பட்டை போட்டு இறுக்கிவிடுங்கள்.

ஆள் இல்லாதபோது பலரும் செய்வது ஒரு பக்கம் மட்டும் சாய்த்துத் தூக்குவது. டேங்க் ஓட்டுநர் பக்கம் என்பதால் அந்தப் பக்கப் போல்ட்டுகளை முழுதாகக் கழற்றி, எதிர்ப்பக்கத்தில் உள்ளவற்றை மரையை விட்டு வெளியே வராதபடி நன்றாகத் தளர்த்துங்கள். தரை ஜாக்கியைத் தொட்டியின் அடிக்குறுக்குச் சட்டத்தில், நீளமான பலகையை இடையே கொடுத்து வையுங்கள். வெறும் தகட்டில் வைத்தால் தளம் பிதுங்கும். கொஞ்சம் தூக்க வேண்டும், உடனே முட்டுக் கொடுக்க வேண்டும். மறுபடி கொஞ்சம் தூக்கி, மறுபடி முட்டு. முட்டுகளுக்கு நாலுக்கு நாலு அங்குல மரக்கட்டைகளை முன்கூட்டியே அறுத்து வைத்திருங்கள். அவற்றின் அடிமுனை சேஸிஸ் சட்டத்தின் மேல் நிற்கட்டும். நடுவில் ஓட்டையுள்ள சிமென்ட் கல்லை எந்த நிலையிலும் முட்டாக வைக்காதீர்கள், அது எச்சரிக்காமல் நொறுங்கும். எதிர்ப்பக்கச் சேஸிஸிலிருந்து தொட்டிக்கு ஒரு பட்டை கட்டினால் சறுக்காது. புதிய பம்பின் உயரத்தை அளந்து பாருங்கள், கிடைத்த இடைவெளியில் அது சாய்ந்து வெளியேறுமா என்று தெரிந்துவிடும்.

என்ஜின் தூக்கும் ஹாய்ஸ்ட் வாடகைக்குக் கிடைக்கும். தொட்டியின் மேல்விளிம்பில் கம்பு நடும் நான்கு குழிகளில் பட்டையைப் பூட்டி, நடுவில் சேர்த்துத் தூக்கலாம். கை நீள நீள ஹாய்ஸ்டின் தாங்குசக்தி குறையும், அந்த அளவு கையிலேயே பொறித்திருக்கும். கராஜ் கூரை மரத்தில் செயின் பிளாக் மாட்டும் ஆசை பலருக்கு உண்டு. அந்த மரங்கள் கூரையையும் பனியையும் தாங்கப் போட்டவை, தொங்கும் சுமைக்காக அல்ல. எப்படித் தூக்கினாலும், ஜாக்கியோ ஹாய்ஸ்டோ மட்டும் தாங்கிநிற்கும் தொட்டிக்கு அடியில் கையையோ தலையையோ நீட்டக் கூடாது.

டேங்கின் மேல்

இப்போது பார்த்தால் டேங்கின் உச்சியில் பல வருட மண் படிந்திருக்கும். அதை முழுதும் துடைக்காமல் வளையத்தைத் தொடாதீர்கள். பிரஷ்ஷால் பெருக்கி, காற்றால் ஊதி, ஈரத்துணியால் துடையுங்கள். உள்ளே விழும் ஒரு சிட்டிகை மணல் புதிய பம்பின் ஆயுளைத் தின்றுவிடும்.

வயர் பிளக்கையும் ஹோஸ்களையும் கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹோஸ்களின் அழுத்துப்பூட்டுகளுக்கு விலை குறைந்த பிளாஸ்டிக் கருவி உண்டு. குறடால் நெம்பினால் காது உடையும், பிறகு முழுக் குழாயையும் மாற்ற வேண்டிவரும். பூட்டு வளையத்தை இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும். துருப்பிடித்த வளையத்தை இரும்பு உளியால் அடித்தால் பொறி பறக்கும். பித்தளைக் கம்பியை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள்.

பம்பை நேராக இழுக்காமல், பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவையின் கை மடங்காதபடி சாய்த்து வெளியே எடுங்கள். அதன் கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல் தங்கியிருக்கும், கீழே ஒரு பாத்திரம் வையுங்கள். டேங்குக்குள் விளக்கடித்துப் பாருங்கள். அடியில் கசடு தெரிந்தால் அதையும் எடுத்த பிறகே புதிய பம்ப் இறங்க வேண்டும். பழைய ரப்பர் வளையம் உப்பியிருக்கும், அதைத் திரும்பப் போடக் கூடாது. பம்பின் தலையில் உள்ள குறியை டேங்கின் குறியோடு பொருத்தி இறக்குங்கள். சில்வராடோக்களில் பழைய பிளக் சூட்டில் உருகியிருப்பது சகஜம். அதனால்தான் பல புதிய பம்புகளோடு புதிய பிளக்கும் வயரும் சேர்ந்தே வருகின்றன. அதை ஒதுக்கி வைத்துவிட்டுப் பழைய பிளக்கையே செருகினால் புதிய பம்பும் அதே கதிக்கு வரும்.

தொட்டி மேலே இருக்கும் இந்த வேளையில் சேஸிஸை ஒட்டி ஓடும் பிரேக் குழாய்களைக் கையால் தடவிப் பாருங்கள். செதில் செதிலாக உரிந்தால் அவை வெடிக்கக் காத்திருக்கின்றன. உப்புச் சாலை வண்டிகளில் பம்பைவிட அவசரமான பழுது அதுதான். இவ்வளவு எளிதாகக் கைக்கு எட்டும் வாய்ப்பு மறுபடி வராது. நிக்கல் கலந்த செம்புக் குழாய் துருப்பிடிக்காது, வளைக்கவும் எளிது. சேஸிஸின் மேல்முகத்தையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடியுங்கள்.

இறக்குவதற்கு முன் சோதனை

தொட்டியை இறக்கிப் பூட்டிய பிறகு கசிவைக் கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அதனால் ரிலேயையும் பேட்டரியையும் இப்போதே மாட்டுங்கள். சாவியை 2 விநாடி ஆன், பிறகு ஆஃப் என்று மூன்று நான்கு முறை திருப்பினால் குழாயில் அழுத்தம் ஏறும். எல்லா இணைப்புகளையும் உலர்ந்த துணியால் தொட்டுப் பாருங்கள். நனையவில்லை என்றால் ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஓடவிடுங்கள். பெட்ரோல் முள் சரியான அளவைக் காட்டுகிறதா என்பதையும் இப்போதே பாருங்கள்.

இறக்கும்போது பெட்ரோல் ஊற்றும் குழாயை ஒருவர் வழிகாட்டித் தன் துளைக்குள் கொண்டுவர வேண்டும். கோடுகளில் தொட்டியைப் பொருத்தி, எல்லாப் போல்ட்டுகளையும் மரையில் பூசும் செம்புக் களிம்போடு கையால் சில சுற்று ஏற்றுங்கள். ஒன்றை இறுக்கிவிட்டு அடுத்ததைத் தேடினால் கடைசித் துளை ஒத்துவராது. கேபினுக்கும் தொட்டிக்கும் இடையிலுள்ள சந்து இரு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்து, பழுதுநூல் சொல்லும் அளவுக்கு முறுக்குங்கள். குழாய்த் திருகாணி, நிலைமின் வயர், விளக்குகள், டிரெய்லர் பிளக், பின்கதவு எல்லாவற்றையும் மாட்டி, ஒருவரைப் பின்னால் நிறுத்திப் பிரேக், இண்டிகேட்டர், ரிவர்ஸ் விளக்குகளைச் சோதியுங்கள்.

அடுத்த முறை டேங்கை நிரப்பியதும் வண்டியைச் சுற்றி முகர்ந்து பாருங்கள். மறுநாளோ அதற்கடுத்த வாரமோ என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, பி0455 அல்லது பி0442 என்ற குறியீடு வந்தால் ஆவி எங்கேயோ கசிகிறது என்று பொருள். முதலில் டேங்க் மூடியை இறுக்குங்கள். அப்படியும் திரும்ப வந்தால், பம்பின் தலையில் உள்ள ரப்பர் வளையம் மடங்கியிருக்கிறதா, ஆவிக்குழாய் முழுதாகச் செருகப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் தொட்டியின் போல்ட்டுகளை ஒருமுறை முறுக்கிச் சரிபாருங்கள்.